தவக்குலும் பூட்டும்

1978 டிசம்பர் 2ஆம் தேதி தொடங்கிய மழை, ஒரே நாளில் சிங்கப்பூரில் 512 மில்லிமீட்டர் கொட்டியது. வெள்ளத்தில் உயிர்களும் உடைமைகளும் போயின.

‘அல்லாஹ் இருக்கிறான்’ என்று மூட்டைகளைத் தரையிலேயே அடுக்கி வைப்பது தவக்குலா? நாமும் அப்படி அடுக்கியவர்தாம். ஆனால் சிராங்கூன் ரோட்டில் இரவில் கடையைப் பூட்டாமல் போனதுண்டா? திருடனுக்காகப் போடும் பூட்டு ஈமானுக்குக் குறைவில்லையென்றால், வெள்ளத்துக்காகப் போடும் பலகை மட்டும் எப்படிக் குறைவாகும்?

சகோதரர்களே! கடனுக்கு வாங்கிய சரக்கில் பிறர் பணம் இருக்கிறது. கடையில் நிற்கும் வேலையாள் அதனினும் பெரிய அமானிதம். நம் பொருள் போனால் சபூர் செய்யலாம். பிறருடையது போனால் பதில் சொல்ல வேண்டும்.

மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றுவோம். கணக்குப் புத்தகத்தை உயரே வைப்போம். மின்சாரத்தை நிறுத்தும் இடத்தையும் வெளியேறும் வழியையும் வேலையாளுக்குக் காட்டுவோம். பிறகு கையேந்துவோம்.