யானைத்தீயும் மருந்தின் அளவும்

பூம்புகாரைக் களமாகக் கொண்ட மணிமேகலை என்னும் பௌத்தக் காப்பியத்தில், முனிவரின் நாவற்கனியைச் சிதைத்துச் சாபம் பெற்ற காயசண்டிகை, எவ்வளவு உண்டும் தணியாத 'யானைத்தீ' என்னும் பெரும்பசியால் 12 ஆண்டுகள் வாடி, அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்திலிருந்து காப்பியத் தலைவி மணிமேகலை தன் கையால் பிடித்து இட்ட சோற்றால் தணிவு பெறுகிறாள். பசியின் காரணத்தைக் கேட்காமலேயே சோறிட்ட அந்தக் கருணை, உடற்பருமனை ஒழுக்கக்கேடாகப் பழிக்கும் இன்றைய வழக்கத்தைவிட மிக உயர்ந்தது.

உடல் கணந்தோறும் மாறுவது என்னும் பௌத்தக் கொள்கைக்கு மருந்தியலும் துணை நிற்கிறது. டயசெபாம் போன்ற, கொழுப்பில் கரையும் மருந்துகள் பருத்த உடலில் தங்கி மெல்லவே வெளியேறுகின்றன. பல மருந்துகளைச் சிதைக்கும் சைட்டோகுரோம் 3ஏ4 என்னும் நொதி, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம், பருமனில் மந்தமாகி, எடை குறைகையில் மீள்கிறது. இரைப்பையை முட்டையளவுப் பையாக்கி, சிறுகுடலின் முற்பகுதியைத் தவிர்த்து உணவைத் திருப்பிவிடும் அறுவைக்குப் பின், மெல்லக் கரையும் மாத்திரை முழுமையாக உறிஞ்சப்படாமலே போகலாம்.

அவ்வாறாயின், பழைய மருந்துச் சீட்டிலுள்ள அளவு எந்த உடலுக்கு உரியது? தைராய்டு மாத்திரையின் அளவைக் குருதிச் சோதனையால் மீண்டும் கணிக்கும் மருத்துவர், எதிரே அமர்ந்திருக்கும் இன்றைய உடலுக்கே மருந்து எழுதுகிறார்.