பொறுத்துக்கொள்ளும் மங்கல்

காமிரா பழகிக்கொண்டிருந்த நாட்களில் நான் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கூடத்து நாற்காலியில் அப்பா. இமை மயிர்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. அவருக்குப் பின்னால், சமையலறை நிலைப்படியில், வெளிறிய ஒரு கறை. அது அம்மா. அம்மா இருப்பதாக நான் எடுத்த படம் இது ஒன்றுதான். அவளை மங்கவிட்டது என் கைத்திறனின் குறையா, அல்லது வேறேதாவதா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

என்னுடையது 50 மில்லிமீட்டர் லென்ஸ். எஃப் 2 என்று வைத்தால் துவாரத்தின் விட்டம் 50ஐ 2ஆல் வகுத்தது, அதாவது 25 மில்லிமீட்டர். எஃப் 16 என்றால் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். துவாரம் குறுகக் குறுக, முன்னும் பின்னும் தெளிவு நீளும். விரியத் திறந்தால் ஒரு முகம் தெளியும், மற்றதெல்லாம் கரையும். நான் எஃப் 2இல் எடுத்தேன்.

அகலத் திறப்பது பாரபட்சம், குறுக்குவது நியாயம் என்று சொல்லிவிடலாமா? 1932இல் ஸான்ஃபிரான்ஸிஸ்கோ வட்டாரத்தில் ஆன்ஸெல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோர் கூடி, மிகச் சிறிய துவாரமொன்றின் எண்ணையே தங்கள் குழுவுக்குப் பெயராக வைத்தார்கள்: எஃப் 64. எல்லாம் தெளிவாகத் தெரியவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஆனால் சிறிய துவாரம் காலத்தைக் கேட்கிறது. 1930இல் வெஸ்டன் எடுத்த புகழ்பெற்ற குடைமிளகாய்ப் படத்துக்கு நீண்ட நேரம் ஒளி பிடிக்க வேண்டியிருந்தது. குடைமிளகாய்க்கு அவசரமில்லை. அப்பாவுக்குக் கை நடுக்கம். தலையும் லேசாக ஆடும். எஃப் 2இல் வினாடியில் அறுபதில் ஒரு பங்கு போதுமாயிருந்த வெளிச்சத்தில், எஃப் 16க்கு 64 மடங்கு நேரம், ஒரு முழு வினாடிக்கும் மேல் வேண்டும். அம்மா தெளிந்திருப்பாள், அப்பா கலைந்திருப்பார்.

இதற்கும் அடியில் இன்னொரு உண்மை இருக்கிறது. லென்ஸ் கறாராகத் தெளிவுபடுத்துவது ஒரே ஒரு தூரத்தைத்தான். மற்ற தூரங்களில் ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டமாகவே விழுகிறது. துவாரத்தைக் குறுக்கினால் வட்டம் சிறுக்கிறது. நம் கண்ணால் பிரித்தறிய முடியாத அளவுக்குச் சிறுத்ததும் அதைத் தெளிவு என்கிறோம். படத்தைப் பெரிதாக்கினால் வட்டங்கள் திரும்பவும் தலைகாட்டும். மேலும் மேலும் குறுக்கிக்கொண்டே போனாலோ, துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து பரவி, தெளிந்திருந்ததும் மழுங்கும். ஆக, எல்லாவற்றையும் சமமாகப் பார்ப்பதாகச் சொல்லும் பார்வை, தன்னால் பொறுத்துக்கொள்ள முடிந்த மங்கலைத்தான் தெளிவு என்று சொல்லிக்கொள்கிறது. நம் விமரிசனங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இப்படி யோசித்து நான் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். லென்ஸின் நியதி, அப்பாவின் நடுக்கம், கூடத்து மங்கிய வெளிச்சம் – எல்லாம் எனக்குச் சாதகமான சாட்சிகள். ஆனால் அதே நியதி இன்னொன்றும் சொல்கிறது. ஒரே தூரத்தில் இருப்பவை துவாரம் எவ்வளவு விரிந்திருந்தாலும் சேர்ந்தே தெளியும். அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் எஃப் 2இலேயே இருவரும் விழுந்திருப்பார்கள். 'அம்மா, இங்கே வா' என்று நான் கூப்பிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூப்பிடத் தோன்றவில்லை. நிலைப்படிக்கும் நாற்காலிக்கும் இடையிலிருந்த தூரம் காமிரா வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் இருந்தது.