வாசலும் வீதியும்

மனை ஒருவனுக்கு உரியது. அம்மனையின் முன்னே செல்லும் வீதி அனைவர்க்கும் உரியது. இவ்விரண்டும் கூடுமிடமே வாசல். கார் உள்ளே செல்வதற்கென வீட்டின் முன்புறம் நுழைவழி ஒன்றை அமைக்க விரும்பும் ஒருவன், "என் வீட்டிற்குள் நான் நுழைவதற்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி எதற்கு?" என்று வினவுதல் இயல்பே. வினா சிறிதாகத் தோன்றினும், உரிமை எவ்விடத்தில் முடிகிறது, கடமை எவ்விடத்தில் தொடங்குகிறது என்னும் பெரியதோர் அறவினா அதனுள் அடங்கியுள்ளது.

தீபகற்ப மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இதற்கு ஒரு விடை தருகிறது. தெருவோரத்துத் திறந்த கால்வாயை, எழுத்து மூலமான முன்னனுமதியின்றி மூடுவதையும் மறிப்பதையும் அது குற்றமெனக் கொள்கிறது. ஆயினும், சட்டம் கூறுவதனாலேயே ஒன்று அறமாகிவிடுவதில்லை. சட்டத்தின் பின்னே நிற்கும் காரணத்தை ஆராய்ந்து தெளிதலே கற்றோர் கடன்.

வீட்டின் வாயிற்கதவுக்கும் தார்ச் சாலைக்கும் இடையே உள்ள சில அடி நிலத்தைப் பெரும்பாலோர் தம்முடையதெனவே கருதுகின்றனர். அஃது உண்மையில் பொதுநிலம். அங்கே கால்வாய் ஓடுகிறது; நடப்போர் செல்கின்றனர்; நிலத்தின் அடியில் நீர்க்குழாய்கள் கிடக்கின்றன. கால்வாயின்மீது சிமெண்டுப் பலகையைத் தாழ்வாக இட்டால் நீர் செல்லும் வழி குறுகும். இலையும் மண்ணும் அடியில் தங்கும். துப்புரவுத் தொழிலாளியின் கை அங்கே எட்டாது. அடைமழை பெய்யும் நாளில் அந்நீர் பொங்கி எங்கே செல்லும்? பலகை இட்டவன் வீட்டிற்கு வருவதினும், தாழ்ந்த நிலத்திலுள்ள அண்டை வீட்டிற்கே அது முதலில் செல்லக்கூடும். தேங்கிய நீரில் கொசு பெருகும். அக்கொசு யார் வீட்டுக் குழந்தை என்று பார்த்துக் கடிப்பதில்லை. 1971ஆம் ஆண்டு சனவரியில் கோலாலம்பூரையும், 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாமையும் சூழ்ந்த வெள்ளங்களுக்குப் பெருமழையே முதற்காரணம் எனினும், நீர் வடியும் வழி எத்துணை இன்றியமையாதது என்பதை அவை உணர்த்தின.

இங்கே மற்றொரு நியாயமும் எண்ணத்தக்கது. தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்த தலைமுறைக்கு வீடும் சொந்தமன்று, வாசலும் சொந்தமன்று. வேலை போனால் வீடும் போயிற்று. அத்தகையோரின் மக்கள், பல்லாண்டுச் சேமிப்பால் தாமான் ஒன்றில் வீடு வாங்கும்போது, 'இஃது என் வாசல்' என்று கூறுவதில் ஒரு பெருமிதம் இருத்தல் தவறன்று. மீண்டும் ஒருவர் முன் நின்று அனுமதி கேட்பது அவர்தம் உள்ளத்தை உறுத்துதலும் கூடும். ஆனால், துரையிடம் கேட்டதும் நகராண்மைக் கழகத்திடம் கேட்பதும் ஒன்றல்ல. முன்னது ஒரு தனியாளின் உடைமைக்குப் பணிதல். பின்னது பொதுவுடைமையில் பங்குள்ள மற்றவர்களின் இசைவைப் பெறுதல். ஆயிரம் வீட்டாரிடம் தனித்தனியே சென்று கேட்க இயலாமையால், அவர்கள் அனைவர்க்குமாக ஓரிடத்தில் கேட்கிறோம்.

"எல்லாரும் செய்கின்றனர், நான் செய்தால் என்ன?" என்பர் சிலர். ஒரு பலகையால் கால்வாய் அடைபடாது என்பது மெய்யே. ஆயின், ஒவ்வொருவரும் அம்மெய்யையே கூறும் தெருவில் கால்வாயே இல்லாது போகும். பலர் செய்தலால் பிழை பெருகுமேயன்றி நேர்மையாகாது.

எனின், கடமை குடிமகனுக்கு மட்டுமே உரியதோ? அன்று. நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்பின் மன்ற உறுப்பினர்கள் நியமனமே பெறுகின்றனர். வாக்கால் தட்டிக் கேட்க இயலாத மக்களுக்கு மன்றம் இருமடங்கு பொறுப்புடன் நடத்தல் வேண்டும். விண்ணப்பத்திற்குக் காலத்தே விடையளித்தலும், மறுப்பின் காரணம் கூறுதலும், செல்வனுக்கும் எளியோனுக்கும் ஒரே அளவுகோலைக் கொள்ளுதலும் அதன் அறம். இவை தவறுமிடத்தில் அனுமதி என்பது சலுகையாகிறது. சலுகையாகியதும் கையூட்டு நுழைகிறது. கொடுப்பவனும் வாங்குபவனும் அங்கே பொதுவழியை விலைபேசுகின்றனர்.

மன்றம் காலம் தாழ்த்தினால் ஒருவன் தானே கட்டிக்கொள்ளலாமோ? இதுவே கடினமான வினா. அவன் முறையிடலாம், மன்ற உறுப்பினரை நாடலாம், செய்தித்தாளுக்கு எழுதலாம். ஆனால், அதிகாரியின் தாமதத்தால் அண்டை வீட்டானின் உரிமை அழிந்துவிடுவதில்லை. ஒருவர் இழைத்த தவறுக்கு மற்றொருவர் வீட்டில் வெள்ளம் புகுதல் எவ்வகையிலும் நீதியாகாது.

வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பொதுநலம் பேணும் அப்பண்பு பெருங்கொடைகளில் மட்டும் விளங்குவதன்று. தன் வாசலின் அகலத்தை அளக்கும்போது, அடுத்தவன் வாசலில் ஓடும் நீரையும் சேர்த்து அளப்பவனிடத்திலும் அது விளங்கும். வகுப்பறையில் குடிமைப்பண்பு கற்பிக்கும் ஆசிரியரும் அதனைக் கற்கும் மாணவரும், பள்ளி முடிந்து செல்லும் வழியில் தத்தம் தெருக் கால்வாயை ஒருமுறை நோக்குவாராக. பாடத்தின் எஞ்சிய பகுதி அங்கே எழுதப்பட்டிருக்கும்.