எச்சமும் ஈகையும்: முடியாத கைவேலையின் அறம்

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பருவத்தைக் கூதிர் என்றும், மார்கழியும் தையும் சேர்ந்த பருவத்தை முன்பனி என்றும் பெயரிட்டது. செங்கல்பட்டிலும் மாமல்லபுரக் கடற்கரையிலும் முன்பனி நாட்களில்கூட வெப்பநிலை 20 பாகை செல்சியஸுக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அரிது என்பதால், கம்பளியாடை அங்கே உயிர்காக்கும் தேவையாக இருந்ததில்லை. ஆயினும் பிறந்த குழந்தைக்கு ஒரு குல்லா, முதியவருக்கு ஒரு மப்ளர், குளிர்நாட்டில் வாழும் பேரனுக்கு ஒரு ஸ்வெட்டர் என்று உல்லன் நூலும் பின்னல் ஊசியும் எடுத்து அமர்வோர் அப்பகுதியிலும் உண்டு. ஒன்று முடியுமுன் மற்றொன்றைத் தொடங்கிவிடுவது இக்கைவேலையில் பரவலாகக் காணப்படும் பழக்கமாதலால், பனி வந்து சேரும்போது ஒரு கை மட்டும் பின்னப்பட்ட ஸ்வெட்டரும் விளிம்பு கட்டாத போர்வையும் ஒரே கூடையில் கிடக்கும். ஒருவருக்கென்று மனத்தில் குறித்துத் தொடங்கி முடிக்காமல் விட்ட வேலை, அவருக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டதன் ஒரு பகுதியா, இன்னும் தீர்க்கப்படாத கடனா, அல்லது இரண்டுமற்ற வெறும் நூலா என்ற கேள்வி அந்தக் கூடையிலிருந்து எழுகிறது. அக்கேள்விக்குச் சமய நூல்களும் தலபுராணங்களும் கல்லில் விடப்பட்ட சான்றுகளும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன.

முடியாமல் மிஞ்சியதைக் குறிக்கத் தமிழ் ‘எச்சம்’ என்ற சொல்லை வைத்திருக்கிறது. வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், செய்து முடிக்காத வினையின் மிச்சத்தையும் ஒழிக்காத பகையின் மிச்சத்தையும் அணைக்காமல் விட்ட நெருப்போடு ஒப்பிடுகிறார். அவர் பார்வையில் குறைவேலை சும்மா கிடப்பதில்லை, விட்டவரையே திரும்பி வந்து சுடுகிறது. இலக்கண நூலார் அதே சொல்லை வேறொரு நோக்கில் ஆண்டனர். ‘பின்னிய’ என்ற சொல் ஒரு பெயரை எதிர்நோக்கி நிற்பதால் பெயரெச்சம் எனவும், ‘பின்னி’ என்ற சொல் ஒரு வினைமுற்றை எதிர்நோக்கி நிற்பதால் வினையெச்சம் எனவும் பெயர் பெற்றன. இலக்கணத்தில் எச்சம் பிழையன்று. தன்னை முடித்துவைக்கப்போகும் சொல்லைச் சுட்டிக்கொண்டு காத்திருக்கும் நிலையே அது. இவ்விரு பொருளையும் கைவேலைக்குப் பொருத்தினால், கூடையில் உள்ளவற்றுள் சில செய்தவரின் ஊக்கம் தணிந்ததால் நின்றவை, அவை வினையெச்சங்கள். சில யாருக்கு என்பது தெளியாமலே தொடங்கப்பட்டவை, அவை பெயரெச்சங்கள். முதல்வகைக்கு இன்னும் சில மாலைப்பொழுதுகள் போதும். இரண்டாம் வகைக்கோ எத்தனை வரிசை பின்னினாலும் ஒரு மனிதர் வந்து சேராதவரை முடிவில்லை.

தொடங்கியதை முடித்தே ஆக வேண்டுமா என்பதை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் மீமாம்சகர்கள், அதாவது வேதச் சடங்குகளின் பொருளையும் கடப்பாட்டையும் தருக்கமுறையில் ஆய்ந்த தத்துவப் பிரிவினர். ஜைமினியின் சூத்திரங்களுள் ஆறாம் அத்தியாயம், ஒரு பயனை விரும்பிச் செய்யப்படும் காமிய கருமத்தையும், பயன் கருதாமல் நாள்தோறும் கடமையாகச் செய்யப்படும் நித்திய கருமத்தையும் இவ்வகையில் வேறுபடுத்துகிறது. காமியத்தைத் தொடங்கியவர் இடையில் விருப்பம் மாறினாலும் அதை முடிக்கக் கடமைப்பட்டவர்; அதன் உறுப்புகளுள் ஒன்று குறைந்தாலும் பயன் கிட்டாது. நித்தியத்திலோ இயன்ற அளவு செய்தாலே கடமை நிறைவேறியதாகக் கொள்ளப்படும். வெளிப்பார்வைக்கு இது தலைகீழாகத் தோன்றினாலும் உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது: பயனைப் பேரம் பேசியவர் பேரத்தின் முழு விலையையும் கொடுக்க வேண்டும், உறவின் காரணமாகச் செய்பவரிடம் அவரது ஆற்றலுக்கு மேல் கேட்கப்படுவதில்லை. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், யோகத்தைத் தொடங்கி முடிக்காமல் வீழ்ந்தவன் சிதறிய மேகம் போல் அழிவானோ என்று அருச்சுனன் ஐயுறும்போது, நன்மை செய்தவன் எவனும் கெடுகதி அடைவதில்லை என்று கண்ணன் தரும் விடையும் இந்த இரண்டாம் பக்கத்தையே சார்கிறது. ஆகவே பாராட்டுக்காகத் தொடங்கிய பரிசும் பரிவினால் தொடங்கிய பரிசும் ஒரே கூடையில் ஒரே அளவு குறையாகக் கிடந்தாலும், அவற்றின் குறைகள் ஒன்றல்ல.

இந்தக் கருத்துகளைக் கண்ணால் காணக்கூடிய இடமாக மாமல்லபுரம் அமைந்திருக்கிறது. 1984-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இத்தலத்தின் சின்னங்களுள் பெரும்பகுதி முடிக்கப்படாதவை. பஞ்சபாண்டவர் இரதங்கள் எனப்படும் ஒற்றைக்கல் கோயில்கள் ஐந்தும் உச்சியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கப்பட்டமையால், தருமராச இரதத்தின் மேல்தளங்கள் நுண்ணிய வேலைப்பாட்டுடன் நிறைவுபெற்றிருக்க, அதன் கீழ்த்தளம் முழுமையாகக் குடையப்படாமல் நிற்கிறது. வீம இரதத்தின் அடிப்பகுதியும் அவ்வாறே விடப்பட்டிருக்கிறது. வலையன்குட்டை இரதமும் பிடாரி இரதங்களும் இன்னும் முந்திய நிலையிலேயே நின்றுபோனவை. அருச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் இருவகையாக அறியப்படும் பெரும் பாறைச்சிற்பத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு மூலை செதுக்கப்படவில்லை. அதே காட்சியைத் தொடங்கி இடையில் விட்ட மற்றொரு பாறையும் அவ்வூரில் உண்டு. இவற்றைப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் (சுமார் 630–668) காலத்தவை எனப் பலரும், அவனுக்குப் பிந்திய இராசசிம்மன் காலத்தவை எனத் தொல்லியலாளர் இரா. நாகசாமியும் கொண்டனர். எந்த மன்னன் பெயரால் கொண்டாலும், ஒன்று முடியுமுன் பல தொடங்கப்பட்டன என்ற உண்மை மாறுவதில்லை.

ஆனால் இந்தக் குறைகளே அறிவாகவும் மாறியிருக்கின்றன. பாறை முகத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களைச் சுற்றி ஆழமான கோடு வெட்டி, நடுவே எஞ்சிய திட்டுகளைத் தட்டி எடுத்து உள்ளே சென்ற பல்லவத் தச்சரின் முறையை முடிந்த குகைகள் மறைத்துவிட, முடியாத குகைகளே காட்டித்தருகின்றன. முடிந்த வேலை செய்தவரின் கையை மறைக்கும், முடியாத வேலை அக்கையை வெளிக்காட்டும் என்ற இவ்வேறுபாடு நூல்வேலைக்கும் பொருந்தும். எனினும் இரண்டிற்கும் இடையே ஒரு முக்கியமான வேற்றுமையும் இருக்கிறது: உளி விழுந்த பாறை மீண்டும் பழைய பாறையாவதில்லை, பின்னலைப் பிரித்தாலோ கண்ணிகள் அவிழ்ந்து நூல் நூலாகவே திரும்பிவிடும். கல்தச்சனுக்கு இல்லாத உரிமை ஒன்று பின்னுபவருக்கு இருப்பதால், பெயரெச்சமாக நின்றுவிட்ட வேலையைப் பிரித்து வேறொருவருக்கு உரியதாக்குவது தோல்வியன்று. அதை ஆண்டுக்கணக்கில் பிரிக்கவும் மனமின்றி முடிக்கவும் மனமின்றி வைத்திருப்பதே ஆராயத்தக்கது.

சைவ மரபு இக்கேள்வியின் இரு எல்லைகளையும் நாயன்மார் வரலாறுகளாகச் சொல்லிவைத்திருக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணம் கூறும் நேச நாயனார் காம்பீலி என்னும் ஊரின் நெசவாளர். மனத்தைச் சிவன் திருவடியிலும் நாவை ஐந்தெழுத்திலும் வைத்து, கையால் உடையும் கீளும் கோவணமும் நெய்து அடியார்க்கு அளித்தவர். கீள் என்பது கோவணத்தைத் தாங்கும் இடைக்கச்சு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார், பொருள் கிடைக்காமையால் கையால் ஒரு கல்லும் எடுக்காமல், அடித்தளம் முதல் மதிலும் குளமும் வரை மனத்துக்குள்ளேயே கோயிலைக் கட்டி முடித்தவர். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னன் குறித்த அதே நாளில் இறைவன் பூசலாரின் கோயிலுக்கு எழுந்தருளியதாகவும், மன்னன் தன் குடமுழுக்கைத் தள்ளிவைத்துத் திருநின்றவூருக்குச் சென்றதாகவும் அவ்வரலாறு கூறுகிறது. ஆயினும் பூசலார் வரலாற்றை எண்ணமே போதும் என்பதற்குச் சான்றாக எடுப்பது தவறான வாசிப்பு. அவர் மனத்திலும் நாள் பார்த்து, வரிசை மாறாமல், ஒரு பகுதியையும் விட்டுவிடாமல் கட்டினார். பாதி பின்னிய ஸ்வெட்டருக்கு அவரைத் துணைக்கழைக்க முடியாது.

குறைவேலையின் பக்கம் நின்று பேசும் வரலாறு மாமல்லபுரத்தின் உள்ளேயே இருக்கிறது. பூதத்தாழ்வார் அவதரித்த தலமும் 108 திவ்ய தேசங்களுள் ஒன்றுமான தலசயனப் பெருமாள் கோயிலின் தலவரலாற்றின்படி, புண்டரீக முனிவர் தாமரை மலர்களைப் பறித்துத் திருப்பாற்கடலில் பள்ளிகொண்ட திருமாலின் திருவடியில் சாத்த விரும்பி, இடையில் நின்ற கடலைக் கையால் இறைத்து வழி உண்டாக்க முற்பட்டார். முடிக்கவே இயலாத வேலைக்கு இதைவிடத் தெளிவான உருவகம் கிடைப்பது அரிது. இறைத்துக்கொண்டிருந்தவர்முன் முதியவர் ஒருவர் வந்து பசிக்கு உணவு கேட்கிறார். முனிவர் வேலையை நிறுத்திவிட்டு உணவு கொணரச் செல்கிறார். திரும்பி வரும்போது முதியவராய் வந்த திருமால் அந்த மலர்களை ஏற்று, பாம்பணையை விட்டு வெறுந்தரையில் பள்ளிகொண்டிருக்கிறார். தலசயனம், அதாவது தரையில் கிடத்தல், என்ற பெயர் இதனால் வந்தது என்பர்.

இவ்வரலாற்றைப் பொதுவாக விடாமுயற்சிக்குக் கிடைத்த பலனாக விளக்குவர். கதையின் அமைப்போ வேறொன்றைச் சொல்கிறது. முனிவர் இறைத்துக்கொண்டிருந்த வரையில் கடல் குறையவில்லை. அவர் கையை எடுத்து, எதிரில் நின்றவரின் பசியைக் கவனிக்கச் சென்ற இடைவெளியில்தான் காணிக்கை சென்று சேர்ந்தது. கடவுளுக்கான வேலை ஒரு மனிதரின் பசிக்காக நிறுத்தப்பட்டது, நிறுத்தப்பட்டதால் அது முடிந்தது. எனவே முடியாத வேலையை மதிப்பிட, எவ்வளவு முடிந்தது என்ற அளவு போதாது. எதற்காகக் கீழே வைக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். இன்னொன்றைத் தொடங்கும் ஆசையில் வைக்கப்பட்ட ஊசியும், காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி வைக்க எழுந்தபோது வைக்கப்பட்ட ஊசியும் ஒரே வரிசையில் நின்றிருந்தாலும் ஒன்றாகா.

இதற்கு நேர்மாறான எச்சரிக்கை சங்க இலக்கியத்தில் கிடைக்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வையாவிக் கோப்பெரும் பேகன் தன் போர்வையை மயிலுக்குக் கொடுத்தான் என்பது பலரும் அறிந்தது. மயில் அதை உடுத்தாது என்பதை அறிந்தே கொடுத்ததால் அது ஈகையின் உச்சமாகப் போற்றப்பட்டது. ஆனால் புறநானூற்றில் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோர் அதே பேகனை நோக்கிப் பாடிய பாடல்கள், அவன் பிரிந்திருந்த மனைவி கண்ணகியின் துயரைத் தீர்க்குமாறு வேண்டுகின்றன. தமக்குப் பரிசில் வேண்டாம், அவளிடம் செல்வதே தாம் கேட்கும் பரிசில் என்ற கருத்தை அவை முன்வைக்கின்றன. மயிலின் குளிரை உய்த்துணர்ந்தவன் வீட்டில் இருந்தவளின் வருத்தத்தை உணராமல் போனான் என்பது அந்தப் புலவர்கள் கண்ட குறை. புதிய கொடை எவ்வளவு அழகியதாயினும், பழைய கடனை எச்சமாக விட்டு அதைச் செய்யும்போது கொடை முழுமை பெறுவதில்லை.

வைணவக் கோயில்களில் கைசிக ஏகாதசியன்று நிகழும் வழிபாடு இவ்விரு எண்ணங்களையும் ஒன்றிணைக்கிறது. கார்த்திகையில் வரும் இந்நாளில் திருவில்லிபுத்தூரில் 108 போர்வைகளும், திருவரங்கத்தில் ஆண்டின் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக 365 வத்திரங்களும் பெருமாளுக்குச் சாத்தப்படுகின்றன. எங்கும் நிறைந்த பரம்பொருளுக்குக் குளிருமா என்று தத்துவம் கேட்கலாம். பரிவு, அதாவது அன்பின் மிகுதியால் ஆற்றலுடையவனையும் ஆதரவற்றவன் போல் பேணும் மனநிலை, அக்கேள்வியைப் பொருட்படுத்துவதில்லை. அந்த வத்திரங்கள் அடுத்தடுத்துச் சாத்தப்படுவதைப் பார்க்கும்போது, ஓராண்டில் விடுபட்டவை அனைத்தையும் ஓரிரவில் சேர்த்துக் கொடுக்கும் முயற்சி போலவும் தோன்றும். இறைவன் திறத்தில் அது இயலும், ஏனெனில் தாமதத்தால் அவனுக்கு ஒன்றும் குறைவதில்லை. மனிதர் திறத்தில் அது இயலாது. இவ்வாண்டு மார்கழியில் ஆறு மாதமாக இருக்கும் குழந்தைக்குப் பின்னத் தொடங்கிய குல்லா அடுத்த மார்கழியில் முடிந்தால், அது வேறொரு குழந்தையின் தலைக்கே பொருந்தும்.

எச்சத்தின் அறத்தைத் தீர்மானிப்பது, ஆகவே, பெறுபவரின் காலம். இறைவனுக்கான காணிக்கை குறையாயினும் ஏற்கப்படும் என்பதைத் தலசயனமும், கல்லில் நின்ற குறை பிற்காலத்தாருக்கு அறிவாகும் என்பதை இரதங்களும் காட்டுகின்றன. குளிர்பவருக்கான ஆடைக்கு மட்டும் அத்தகைய சலுகை இல்லை. கூடையில் உள்ளவற்றுள் எது அழகியது, எது முக்கால் பங்கு முடிந்தது, எதன் நூல் விலையுயர்ந்தது என்ற கணக்குகள் செய்பவரைப் பற்றியவை. யார் வீட்டில் முதலில் பனி இறங்குகிறது என்பது பெறுபவரைப் பற்றியது. அதைக் கேட்டறிந்த கை தானாகவே சரியான ஊசியை எடுக்கும், மற்றவை அடுத்த கூதிர்வரை குறையாகக் கிடந்தாலும் தீயாகச் சுடுவதில்லை.