கால் வீக்கம்

பனியன் கம்பெனி செக்கிங்கில் நிற்கிறவர்களுக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை. அதனால் திருப்பூரில் வயதான பெண்ணுக்குக் கால் வீங்கினால் பனியன் கம்பெனியைத்தான் கைகாட்டுவார்கள். மாத்திரை மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

எழுபதை நெருங்கும் பக்கத்து வீட்டம்மா கணுக்காலை அழுத்திக் காட்டினார். விரல் பதிந்த குழி எழும்ப நேரமெடுத்தது. "நின்னு நின்னு வந்ததுங்க கண்ணு." அவர் கம்பெனிக்குப் போவதை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. இப்போது திண்ணையில் உட்கார்ந்து பிசிர் வெட்டுகிறார்.

என்னென்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். மஞ்சப்பையைக் கவிழ்த்தார். பிரஷருக்கு அம்லோடிபின் அட்டை. வீக்கத்துக்கென்று வேறொருவர் எழுதித் தந்த நீர் மாத்திரை. முட்டி வலிக்கு மெடிக்கலில் வாங்கிய 'செட்': காகிதத்தில் மடித்த மூன்று வில்லைகள், பெயரும் தேதியும் கத்தரியோடு போய்விட்டன. "கசாயத்தையுமா சொல்லோணும்?" சொல்லோணும்.

அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கும். சிரைகள் அந்த அளவுக்கு விரியாது. நடுவில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து கணுக்காலில் இறங்கும். எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு. அளவு கூடக் கூட அதிகம். இந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை பெரிதாக உதவாது. ஆனால் ராத்திரியில் எழுப்பும், ரத்தத்தில் உப்பின் அளவைக் குறைக்கும், எழுந்து நின்றதும் தலையைச் சுற்ற வைக்கும். அந்தத் தலைசுற்றலுக்கும் ஒரு மாத்திரை வரும். 1997இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பவுலா ரோச்சனும் ஜெர்ரி குர்விட்ஸும் எழுதியது இப்படிப்பட்ட சங்கிலியைப் பற்றித்தான்: மருந்தின் விளைவு புது நோயாகத் தெரிகிறது, அதற்கு இன்னொரு மருந்து.

செட்டில் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை ஒன்று இருந்தால் அதுவும் நீரைத் தேக்கும், பிரஷரை ஏற்றும், வயதான சிறுநீரகத்தைப் படுத்தும். பிரஷர் ஏறினால் அம்லோடிபின் அளவைக் கூட்டுவார்கள். கால் இன்னும் வீங்கும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க முடியாத ஊருக்கு இது பெரிய காரியம். ஆனால் வருகிற தன்னார்வலரிடம் செட்டைப் பற்றி யார் சொல்வார்கள்? மறைக்க வேண்டுமென்று இல்லை. வலி மாத்திரையை இங்கே யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. சாயங்கால டீ மாதிரி அது.

இதயத்தாலும் சிறுநீரகத்தாலும்கூடக் கால் வீங்கும். அதனால் தானாக எதையும் நிறுத்தக் கூடாது. பையோடு போய்க் காட்ட வேண்டும். அம்லோடிபின்தான் காரணம் என்று டாக்டருக்குப் பட்டால் அளவைக் குறைப்பார், இல்லையென்றால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். நீர் மாத்திரை இனி வேண்டுமா என்பதையும் அவரே பார்ப்பார். மாற்றிய சில வாரங்களில் பலருக்கும் கால் வற்றிவிடுகிறது.