கடைசிப் பெட்டி



ரயிலைப் பொறுத்தவரை கடலூர்க்காரர்களுக்கு ஊர் இரண்டு. திருப்பாதிரிப்புலியூர் நிலையம் என்.டி., அதாவது நியூ டவுன். கடலூர் துறைமுகம் சந்திப்பு ஓ.டி., ஓல்டு டவுன். முதுநகர் என்ற நல்ல தமிழ்ப் பெயர் இருந்தும் பஸ் கண்டக்டர் வாயில் இன்றும் அது ஓ.டி.தான்.

அந்த ஓ.டி. நிலையத்தில், போன தை மாதம் ஒரு நாள் காலையில் போய் உட்கார்ந்தேன். யாரையும் வழியனுப்பப் போகவில்லை. கூட்ஸ் வண்டி பார்க்கப் போனேன். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

விழுப்புரத்திலிருந்து வந்து, சிதம்பரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று போகும் மெயின் லைனும், வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் போகும் பாதையும் பிரிகிற இடம் அது. நெய்வேலி என்றதும் கரி ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போகும் என்று நினைப்போம். அதுதான் இல்லை. பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம். அதைத் தூரமாக இழுத்துப் போவது தண்ணீரைச் சுமப்பது போல. அதனால் பெரும்பகுதி சுரங்கத்திலிருந்து கன்வேயர் பெல்ட்டிலேயே பக்கத்து அனல் மின் நிலையத்துக்குப் போய்விடுகிறது. கரியாக ரயிலேற வேண்டியது கம்பி வழியாக மின்சாரமாகப் போகிறது.

அன்று நான் பார்த்தது மூடிய வேகன்கள். அறுவடைக் காலத்தில் டெல்டாவின் கொள்முதல் நிலையங்களில் வாங்கிய நெல் இப்படித்தான் வெளி மாவட்ட அரவை ஆலைகளுக்குப் போகிறது. ஒரு வண்டியில் 2,000 டன் நெல் என்று பேப்பரில் ஒரு மூலையில் செய்தி வரும், படித்திருப்பீர்கள். ஒரு மூட்டை 40 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள், 50,000 மூட்டை. லாரியிலிருந்து வேகனுக்கு ஒரு முறை, வேகனிலிருந்து லாரிக்கு இன்னொரு முறை, அத்தனையும் யாரோ ஒருவர் முதுகில் ஏறித்தான் மாறுகிறது. குறித்த நேரத்துக்குள் ஏற்றி முடிக்காவிட்டால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், கட்ட வேண்டும். குழைந்துவிட்டது என்று நாம் கோபித்துக்கொள்ளும் சோற்றுக்குப் பின்னால் அந்த ஓட்டமும் இருக்கிறது.

பிறகு மயிலாடுதுறை பாசஞ்சரில் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, அப்புறம் சிதம்பரம். பரங்கிப்பேட்டையில் 1830களிலேயே ஓர் இரும்பு ஆலை நடந்தது. சேலத்துப் பக்கத்துத் தாதுவை இந்தக் கடற்கரைக்குக் கொண்டுவந்து உருக்கினார்கள். அப்போது இந்தப் பக்கம் ரயிலே கிடையாது. இன்று ரயில் இருக்கிறது, ஆலை இல்லை.

இந்தப் பாதை இன்னும் ஒற்றை லைன்தான். மீட்டர் கேஜை அகலமாக்குவதற்காகச் சில ஆண்டுகள் வண்டியே இல்லாமல் கிடந்து, 2010இல் மறுபடி உயிர் வந்தது. பின்னர் மின்கம்பியும் வந்தது. இரண்டாவது தண்டவாளம்தான் வரவில்லை. அதனால் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் ஒன்று நிலையத்தின் பக்க லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும். நிற்பது பெரும்பாலும் கூட்ஸ்தான். சோழன் எக்ஸ்பிரஸ் போகட்டும், உழவன் எக்ஸ்பிரஸ் போகட்டும் என்று எல்லோருக்கும் வழிவிட்டுவிட்டு அது காத்திருக்கும். உழவன் பெயரில் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது, உழவனின் நெல் பக்க லைனில் நிற்கிறது.

சிதம்பரத்தில் சாயங்காலம் ஒரு கூட்ஸ் நிற்காமல் கடந்தது. பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் எஞ்சினைப் பார்த்தார்கள். நானும்தான். எஞ்சின் போனதும் எல்லோரும் செல்போனுக்குத் திரும்பிவிட்டார்கள். நிலைய ஊழியர் மட்டும் கையில் பச்சைக் கொடியோடு கடைசிவரை நின்றார். வண்டியின் வாலில் பிரேக் வேன், அதில் கடைசிப் பெட்டி என்பதற்கான அடையாளப் பலகை. வேனிலிருந்து கார்டும் பச்சைக் கொடி காட்டினார். 2022 முதல் அவருடைய பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். ஜனங்களுக்கு அவர் இன்னும் கார்டுதான்.

அந்தக் கடைசிப் பலகை எதற்கு? வழியில் இணைப்பு அறுந்து நாலு வேகன் தண்டவாளத்திலேயே நின்றுபோனால் எஞ்சினைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வால் வந்து சேர்ந்தால்தான் வண்டி முழுசாக வந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் பின்னால் இருக்கும் பாதை அடுத்த வண்டிக்குத் திறக்கும். இப்போது அச்சுகளை எண்ணும் கருவிகள் பல இடங்களில் வந்துவிட்டன. ஆனாலும் மனிதக் கண்ணும் பார்க்கிறது. ரயில்வேயில் எனக்குப் பிடித்த வழக்கம் இதுதான்.

கண் தவறினால் என்ன ஆகும் என்று இந்தப் பாதைக்குத் தெரியும். 2025 ஜூலை 8 காலையில், கடலூரை அடுத்த செம்மங்குப்பம் கேட்டில் ரயில் மோதி, பள்ளி வேனில் போன மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அப்போது சிக்னலோடு பிணைக்கப்படாத கேட் அது. அப்படிப்பட்ட கேட்டில், நிலையத்துக்கும் கேட்டுக்கும் நடுவே நடக்கும் ஒரு போன் பேச்சை நம்பித்தான் எல்லாம் இருக்கிறது. போன தையில் என் பாசஞ்சர் அந்த இடத்தைக் கடந்தபோது பெட்டியில் யாரோ கையை நீட்டிக் காட்டினார்கள். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நேயர்களே, இன்று காலை உங்களில் சிலர் ஏதாவது ஒரு கேட்டில் நிற்பீர்கள். கூட்ஸ் போகும், நீளமாகத்தான் போகும். உங்கள் வண்டியின் எஞ்சினை அணைத்துவிடுங்கள். குனிந்து தடுப்புக்கு அடியில் நுழையாதீர்கள். வேகன்களை எண்ணிக்கொண்டிருங்கள். கடைசியில் பிரேக் வேன் வரும். விளக்கும் இல்லாமல் கழிப்பறையும் இல்லாமல் அந்த வேன்கள் பல காலம் ஓடியிருக்கின்றன. அதில் ஒருவர் தனியாக நிற்பார். கையசைத்துப் பாருங்கள். சிதம்பரத்தில் நான் அசைத்தேன், அவரும் கொடியைக் கைமாற்றிக்கொண்டு அசைத்தார்.