அறியாமையும் எட்டாம் கட்டளையும்



அறியாமற் செய்த காரியம் பாவமாகுமா? ஞானோபதேச வகுப்பில் சிறுவர்கூடக் கேட்கும் கேள்வி இது. வேதசாஸ்திரிகள் இரண்டு வகை அறியாமை உண்டென்பார்கள். நீக்க வழியில்லாத அறியாமை ஒன்று; அதற்குக் குற்றமில்லை. நீக்க வழியிருந்தும் அக்கறையின்றி வைத்துக்கொண்டிருக்கும் அறியாமை மற்றொன்று. அதற்கு நாம் உத்தரவாதிகள்.

நம் பிள்ளைகளைக் கேட்டால் வடதுருவத்து இனுயிட் மக்களின் பனிவீட்டைப் பற்றியும், நியூசிலாந்து மாவோரிகள் பச்சை குத்திக்கொள்வதைப் பற்றியும் நாலு வரி சொல்வார்கள். நல்லதுதான். சர்வேசுரன் உண்டாக்கின மனுக்குலம் எத்தனை விதமாய் வாழ்கிறதென்று அறிவதில் தோஷமில்லை. ஆனால் தூரத்து மக்களை அறிவதற்குச் செலவில்லை. அவர்கள் நம் திண்ணையில் வந்து உட்காரப் போவதில்லை. நம் மன்னார்குடிப் பேருந்து நிலையத்திலும், வேளாங்கண்ணித் திருநாளிலும் பாசிமணி கோத்து விற்கும் நரிக்குறவரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

குறவர் என்ற பெயரைக் கேட்டு மலைக்குறவரோடு சேர்த்துவிடுகிறோம். அவர்கள் வேறு, இவர்கள் வேறு. தம்மை இவர்கள் வாக்ரி என்பார்கள். இவர்களுடைய வாக்ரிபோலி குஜராத்தி முதலிய வடமொழிகளோடு உறவுள்ளது, எழுத்து இல்லாதது. அதை வீட்டில் பேசி, நம்மிடம் தமிழ் பேசி, போகிற ஊரின் பாஷையையும் பிடித்துக்கொள்ளும் ஒரு கிழவியைப் படிக்காதவள் என்கிறோம். (நம்மில் எத்தனை பேருக்கு இன்னொரு பாஷையில் பிழையின்றி ஒரு கடிதம் எழுத வரும் என்று நான் விசாரிக்கப் போவதில்லை.) முன்னோர் வழி வந்த தேவியின் வஸ்திரங்களைச் சாமிமூட்டையாகக் கட்டிப் பயபக்தியோடு காத்து வருகிறார்கள். வேட்டை இவர்கள் தொழில். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அது குற்றமாயிற்று. பெரும்பாலும் மணி வியாபாரமே மிஞ்சிற்று. இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாமென்று 1965-ல் லோகூர் குழு சொல்லியும், 2023 ஜனவரியில்தான் அது சட்டமாயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் இவர்கள் காத்திருந்தது நம்மில் யாருக்கும் தெரியவில்லை.

தெரியாததால் என்ன நஷ்டம் என்பீர்கள். தெருவில் ஒரு பித்தளைக் குடம் காணாமற்போனால் முதலில் யார்மேல் கண் போகிறது? போதிய ஆதாரமின்றிப் பிறன்மேல் குற்றத்தை உறுதியாய் எண்ணுவது தப்பெண்ணம். அதை வாயாற் சொன்னால் பொய்ச்சாட்சி. எட்டாம் கட்டளை ஒரு மனிதனுக்கு விரோதமான பொய்யை மட்டும் விலக்கி, ஒரு ஜனம் முழுவதற்கும் விரோதமான பொய்யை அனுமதிக்கிறதென்று எந்த ஞானோபதேசத்திலும் இல்லை.

இந்தத் தப்பெண்ணத்தையே வெள்ளைக்கார அரசாங்கம் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டமென்று எழுதிவைத்தது. ஒரு கூட்டத்தில் பிறந்ததே குற்றம். கைரேகை வைக்க வேண்டும். போலீசில் ஆஜராக வேண்டும். அனுமதிச் சீட்டின்றி ஊர் தாண்டக் கூடாது. நாடோடிகளுக்கு மாத்திரம் வந்த துன்பமென்று நினைக்க வேண்டாம். நிலம் உழுத பிரமலைக் கள்ளரும் இதற்கு உட்பட்டார்கள். 1920 ஏப்ரலில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1952-ல் அச்சட்டம் தேசமெங்கும் ஒழிந்தது. நம் நாக்கில் அது ஒழிந்ததா?

திருச்சபை இவ்விஷயத்தில் மௌனமாயிருக்கவில்லை. அமெரிக்காவின் பூர்வ குடிகள் மிருகத்துக்கு ஒப்பானவர்கள் என்று சிலர் வாதித்தபோது, பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் 1537-ல் அவர்கள் மெய்யான மனிதரென்றும், நம் வேதத்தில் சேராதிருந்தாலும் அவர்களுடைய சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கலாகாதென்றும் அறிக்கையிட்டார். கொள்ளைக்காரர்கள் கேட்டு நடந்தார்களா என்பது வேறு காரியம்.

பிற ஜனத்தாரின் வழக்கங்களை விசாரித்தால் நம் விசுவாசம் குலையாதா என்று பெரியவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு வீரமாமுனிவரை நினைப்பூட்டுகிறேன். இத்தாலியிலிருந்து வந்து, கொள்ளிடத்து வடகரை ஏலாக்குறிச்சியில் தங்கியிருந்த அவர், 1732-ல் சதுரகராதி செய்துமுடிக்குமளவு நம் பாஷையைக் கற்றார். அவர் விசுவாசம் குலையவில்லை. அவர் நம்மைக் கற்றதைப் பெருமையாய்ப் பேசுகிறோம்; நம் ஊர்ச் சந்தையில் உட்கார்ந்திருப்பவளின் பாஷையில் ஒரு வார்த்தை நமக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெறும் வேடிக்கை பார்க்கும் ஆவலை அர்ச். தோமாஸ் துர்க்குணத்தில் சேர்த்திருக்கிறார். கைப்பேசியில் படம் பிடித்துச் சிரிப்பது கற்பதாகாது. மணி வாங்கும்போது பேரம் பேசுகிற நேரத்தில், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்கலாமே. புதிய சட்டப்படி அப்பிள்ளைகளுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் சாதிச் சான்றிதழ் வாங்க மனு எழுதவும் உடன் போகவும் ஆட்கள் வேண்டும். முடிந்தவர்கள் வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் உபதேசியாரிடம் பெயர் கொடுக்கவும்.